இரண்டு கடன்காரர்கள்

நம் தமிழில் ஒரு விசித்திரமான சொல் இருக்கிறது. 'கடன்காரன்' என்பதுதான் அது. "பாவம், அவன் பெரிய கடன்காரன்" என்றால், கடன் வாங்கிவிட்டுத் தவிக்கிறவன் என்று அர்த்தம். "வாசலிலே கடன்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான்" என்றால், கடனைக் கொடுத்துவிட்டு வசூலுக்கு வந்திருக்கிறவன் என்று அர்த்தம். கொடுத்தவனுக்கும் ஒரே பெயர். வாங்கினவனுக்கும் அதே பெயர். இந்தப் பெயரை வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ! ஆனால் அதில் பெரிய பொருளாதார தத்துவம் ஒன்று அடங்கிக் கிடக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. கடன் என்பது இருமுனைக் கயிறு. ஒரு முனையில் இருப்பவனை மட்டும் கட்டிப்போட்டுவிட்டு, மறுமுனையில் இருப்பவனை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் நியாயம் நடவாது.

சென்ற எண்பது வருஷங்களாக உலகத்துப் பணத்துக்கு ஒழுங்கு விதிப்பதாகச் சொல்லி நடந்து வரும் ஸ்தாபனங்களின் கதையும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தக் கதையில் நம் தேசத்துக்கும், முக்கியமாக ஒரு கோயம்புத்தூர்க்காரருக்கும் பங்கு உண்டு.

தேசத்துக்கு எதற்குக் கடன்?

'தேசம் என்றால் நோட்டு அச்சடிக்கும் யந்திரம் அதன் கையிலேயே இருக்கிறதே. அதற்கு எதற்காகக் கடன்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் ரூபாய் நம் ஊர் எல்லைக்குள்தான் செல்லும். அராபிய தேசத்திலிருந்து எண்ணெய் வாங்கினால், விற்பவர் கேட்பது டாலர். அந்த டாலரை நாம் அச்சடிக்க முடியாது. நாம் வெளிநாட்டுக்குத் துணியும் தேயிலையும் விற்றுச் சம்பாதிக்க வேண்டும். அல்லது கடலுக்கு அப்பால் உழைக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அல்லது கடன் வாங்க வேண்டும். வரவு குறைந்து செலவு மிகுந்த வருஷத்தில் கைவசமுள்ள டாலர் கரைந்துவிட்டால், ரூபாய் மலைபோல் குவிந்திருந்தாலும் ஒரு பீப்பாய் எண்ணெய் கிடைக்காது.

1930-க்குப் பின்னால் உலகமெங்கும் இந்த நிலைமை வந்தது. ஒவ்வொரு தேசமும் தன் நாணயத்தின் மதிப்பை இறக்கி, அடுத்த தேசத்தின் வியாபாரத்தைப் பிடுங்கப் பார்த்தது. சுங்கச் சுவர்கள் உயர்ந்தன. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டபோது, நம் ரூபாயைக் கேள்வி முறையில்லாமல் ஸ்டெர்லிங்குடன் பதினெட்டுப் பென்னி விகிதத்தில் சேர்த்துக் கட்டினார்கள். விளைபொருளின் விலை விழுந்து, வரி கட்ட வழியில்லாத குடியானவர்கள் வீட்டுத் தங்கத்தை விற்றார்கள். அது பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று. தங்க ஏற்றுமதியைத் தடுக்க வேண்டும் என்று தேசியவாதிகள் கூவினார்கள். கேட்பார் இல்லை. தங்கம் வீட்டை விட்டுப் போன அந்தக் காட்சியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது மறுபடியும் வரப்போகிறது.

மலைமேல் ஒரு ஹோட்டல்

இந்தக் குழப்பம் யுத்தத்துக்குப் பிறகும் வராமல் தடுப்பதற்காக, 1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்தில், பிரெட்டன் உட்ஸ் என்ற மலைப் பிரதேசத்து ஹோட்டல் ஒன்றில் 44 தேசங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஜூலை 1 முதல் 22 வரை மகாநாடு நடந்தது. இரண்டு குழந்தைகள் அங்கே பிறந்தன. ஒன்று சர்வதேச நாணய நிதி. மற்றொன்று, உலக பாங்கி என்று நாம் இன்று அழைக்கும் புனருத்தாரண பாங்கி. நாணயங்களின் மதிப்பு நிலைகுலையாமல் காப்பதும், அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுப்பதும் முதலாவதன் வேலை. அணைகள், ரயில்பாதைகள் முதலியவற்றுக்கு நீண்டகாலக் கடன் கொடுப்பது இரண்டாவதன் வேலை.

நாணய நிதியின் அமைப்பு, நம் ஊர்களில் நடந்து வரும் 'நிதி'களை ஒருவாறு ஒத்ததே. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சக்திக்கு ஏற்றபடி பங்குப் பணம் கட்ட வேண்டும். கஷ்ட காலத்தில், கட்டிய பங்கை அனுசரித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கட்டிய பணத்துக்குத் தகுந்தபடிதான் வோட்டு. அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர் பங்கு. பிரிட்டனுக்கு 130 கோடி. ரஷ்யாவுக்கு 120 கோடி. சீனாவுக்கு 55 கோடி. பிரான்ஸுக்கு 45 கோடி. இந்தியாவுக்கு 40 கோடி. ரஷ்யா பின்னர் சேராமல் ஒதுங்கிவிடவே, இந்தியா ஐந்தாவது இடத்துக்கு உயர்ந்து, நிர்வாக சபையில் சொந்த உரிமையோடு உட்கார்ந்தது. சுதந்திரம் வருவதற்கு முன்பே கிடைத்த நாற்காலி அது.

இந்தியப் பிரதிநிதிகளுக்குத் தலைவராக வந்தவர் வைஸ்ராய் சபையின் பொக்கிஷ மெம்பரான ஸர் ஜெரிமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேயர். கூட வந்தவர்களில் ரிஸர்வ் பாங்கின் முதல் இந்தியக் கவர்னரான ஸி. டி. தேஷ்முக், பம்பாயைச் சேர்ந்த ஏ. டி. ஷ்ராப், நம் கோயம்புத்தூர் ஆர். கே. ஷண்முகம் செட்டியார் ஆகியோர் முக்கியமானவர்கள். செட்டியார் அதற்கு முன்னால் மத்திய சட்டசபையின் தலைவராகவும், கொச்சி சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்தவர். தமிழிசைக்குத் துணை நின்றவர். சுதந்திர இந்தியாவின் முதல் பொக்கிஷ மந்திரியாகி, 1947 நவம்பர் 26-ம் தேதி முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தவரும் அவரே.

பாங்கியில் கோடி, கையில் சில்லறை இல்லை

அந்த மகாநாட்டில் இந்தியா கேட்டது தானம் அல்ல. தன்னுடைய சொந்தப் பணம்.

யுத்த காலத்தில் இந்தியாவிலிருந்து துணியும் தானியமும் இரும்பும் சணலும் பிரிட்டிஷ் படைகளுக்காக வாரி எடுக்கப்பட்டன. அதற்குரிய விலையை லண்டனில் ஸ்டெர்லிங் பத்திரங்களாக வரவு வைத்தார்கள். அந்தப் பத்திரங்களை ஆதாரமாகக் காட்டி, ரிஸர்வ் பாங்கி இங்கே நோட்டுகளை அச்சடித்தது. யுத்தம் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் பெருகிற்று. பண்டம் குறைந்து நோட்டுப் பெருகினால் என்ன ஆகும்? விலைவாசி ஏறிற்று. அரிசி வாங்க வழியில்லாமல், 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவிலே விழுந்து மடிந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தக் காகிதப் பெருக்கமும் ஒரு காரணம். இப்படிப் பட்டினி கிடந்து இந்தியா சேர்த்து வைத்த ஸ்டெர்லிங் பாக்கி, யுத்த முடிவில் சுமார் 130 கோடி பவுனை எட்டியது. நூறு வருஷமாக நம்மைக் கடனாளி என்று சொல்லி வந்த பிரிட்டன், நமக்குக் கடனாளியாயிற்று!

இந்தப் பாக்கியில் ஒரு நியாயமான பகுதியையாவது, எந்த தேசத்திலும் செலவழிக்கக்கூடிய பணமாக மாற்றித் தருவதற்கு நாணய நிதி வழி செய்ய வேண்டும் என்பதே இந்தியாவின் கோரிக்கை. நம்மைப் போலவே பாக்கி வைத்திருந்த எகிப்தும் ஆதரித்தது. ஷ்ராப் ஓர் உவமை சொன்னார்: பாங்கியில் பத்து லட்சம் டாலர் வைத்திருந்தும், டாக்ஸிக்காரனுக்குக் கொடுக்கக் கையில் சில்லறை இல்லாமல் நிற்கிற மனிதனுடைய நிலையில் இந்தியாவை வைக்கிறீர்கள் என்றார். சபையில் பலருக்கு அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் பிரிட்டனின் சார்பில் கீன்ஸ் பிரபு எழுந்து, இது சம்பந்தப்பட்ட இரண்டு தேசங்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்றார். பிரிட்டன் கடனைக் கௌரவமாகத் தீர்க்கும் என்று உறுதியளித்தார். இந்தியாவுக்கு நன்றியும் தெரிவித்தார். நன்றி கிடைத்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

பின்தங்கிய தேசங்களின் செல்வ வளத்தைப் பெருக்க உதவுவதும் நாணய நிதியின் நோக்கங்களில் ஒன்று என்று வெளிப்படையாக எழுதவேண்டும் என இந்தியா மற்றொரு திருத்தம் கொண்டுவந்தது. அதுவும் தோற்றது. 'அது பாங்கியின் வேலை' என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு தேசங்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டது எப்படி என்றும் சொல்லிவிடுகிறோம். 1948-ல் ஷண்முகம் செட்டியாரே லண்டனுக்குப் போய் ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் பென்ஷனுக்கும், பிரிட்டிஷ் படை இங்கே விட்டுப்போன தளவாடங்களுக்கும் நம் பாக்கியிலிருந்தே பெருந்தொகை கழிந்தது. மிச்சத்தைத் தவணை தவணையாக விடுவித்தார்கள். 1949 செப்டம்பரில் ஸ்டெர்லிங்கின் மதிப்பு இறங்கியபோது, அப்போது மிச்சமிருந்த பாக்கியின் டாலர் மதிப்பும் அதனுடன் இறங்கியது. அங்கே சட்டம் நம் பக்கம் நிற்கவில்லை. காரணம் எளியது. அன்று கடன் கொடுத்தவன் ஏழை, வாங்கியவன் பலசாலி.

எழுதாமல் விட்ட விதி

கீன்ஸ் பிரபுவின் பேரில் நமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அவர் மகாநாட்டுக்கு முந்திய வருஷம், 1943-ல் வெளியிட்ட திட்டத்தில் ஓர் அருமையான யோசனை இருந்தது. உலகத்துக்கெல்லாம் ஒரு பொதுக் கணக்கு. அதற்கு 'பாங்கோர்' என்று ஒரு கணக்கு நாணயம். ஒவ்வொரு தேசத்தின் வியாபார லாப நஷ்டமும் அதில் பதிவாகும். கடன்பட்ட தேசம் அளவுக்கு மிஞ்சினால் அபராத வட்டி கட்ட வேண்டும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் உபரி சேர்த்த தேசமும் அளவுக்கு மிஞ்சினால் அதேபோல் கட்ட வேண்டும் என்றார் கீன்ஸ். தன் பங்கில் கால் பகுதிக்கு மேல் மிச்சம் வைத்தால் நூற்றுக்கு ஒன்று. பாதிக்கு மேல் வைத்தால் இன்னும் ஒன்று. விற்றுக்கொண்டே இருந்து, வாங்காமலே பணத்தைப் பூட்டி வைக்கிறவனும் உலகத்தின் நோய்க்குக் காரணம் என்பது அவருடைய வாதம். நம் தமிழ்ச் சொல்லைப் போலவே, இரண்டு பேரையும் அவர் 'கடன்காரர்' என்றே கருதினார்!

அன்று உபரி சேர்த்திருந்த ஒரே பெரிய தேசம் அமெரிக்கா. அந்த யோசனை அதற்குப் பிடிக்குமா? அமெரிக்கப் பொக்கிஷ இலாகாவின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் தயாரித்த திட்டமே பெரும்பாலும் நிலைத்தது. தங்கம் அவுன்ஸ் 35 டாலர். மற்ற நாணயங்கள் டாலரை ஒட்டி. உபரித் தேசத்தைக் கட்டுப்படுத்த ஒரே ஒரு ஷரத்து மிஞ்சியது. ஒரு தேசத்தின் நாணயம் உலகில் அருகிப்போய்விட்டது என்று நிதி பிரகடனம் செய்தால், மற்றவர்கள் அதன் சரக்கைக் கட்டுப்படுத்தலாம் என்பது அது. அந்த ஷரத்து இன்றுவரை ஒரு முறைகூடப் பிரயோகிக்கப்பட்டதில்லை. சுவரில் மாட்டிய துருப்பிடித்த வாள்!

கடன்பட்டவனைக் கட்டும் விதிகளோ வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தன. 'பணம் வேண்டுமானால் இன்ன செலவைக் குறை, இன்ன வரியைப் போடு' என்ற நிபந்தனைகள் 1950-க்குப் பிறகு வழக்கமாயின. 1969-ல் நிதியின் சாசனத்தைத் திருத்தியபோது அவை சட்டமாகவே ஆயின.

ஒரு ரூபாயும் ஒரு டாலரும்

இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

1966 ஜூன் 6. இரண்டு யுத்தங்களும் மழை பொய்த்ததும் சேர்ந்து நம்மை நெருக்கிய சமயம். அந்நிய உதவி வேண்டுமானால் ரூபாயின் மதிப்பை இறக்க வேண்டும் என்று உலக பாங்கியும் நாணய நிதியும் வற்புறுத்தின. ஸ்ரீமதி இந்திரா காந்தியின் சர்க்கார் இணங்கியது. டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது, ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசாயிற்று. காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மதிப்பு இறங்கிவிட்டது, எதிர்பார்த்த உதவியோ, எதிர்பார்த்த அளவில் நீடிக்கவில்லை.

1971 ஆகஸ்ட் 15. நம் சுதந்திர தினம். அன்று மாலை அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் டெலிவிஷனில் தோன்றி, டாலருக்குத் தங்கம் தருவது இனி இல்லை என்றார். பிரெட்டன் உட்ஸ் மாளிகையின் மூலஸ்தம்பமே அந்த வாக்குறுதிதான். அதை எடுப்பதற்கு நாணய நிதியின் அனுமதி கேட்கப்படவில்லை. யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. தேசங்கள் பத்திரமாக வைத்திருந்த டாலர் வெறும் காகித வாக்காயிற்று. 1973-க்குள் பெரிய நாணயங்கள் எல்லாம் கயிறறுத்து மிதக்கத் தொடங்கின.

இதற்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் வேடிக்கை. அமெரிக்கப் பொக்கிஷ மந்திரி ஜார்ஜ் ஷுல்ட்ஸ், நாணய நிதியின் மகாசபையிலே எழுந்து, உபரி சேர்க்கும் தேசங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று வாதித்தார். முன்னர் அமெரிக்கா நிராகரித்த கீன்ஸின் யோசனையேதான்! அப்போது அது கொடுத்த கடன்காரன்; இப்போது வாங்கிய கடன்காரன். நியாயம் எது என்பது, கயிற்றின் எந்த முனையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

மீண்டும் தங்கம் போயிற்று

இனி நம்மவர் பலருக்கும் நேரில் நினைவிருக்கும் காலத்துக்கு வருகிறோம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. எண்ணெய் விலை ஏறிற்று. வளைகுடாவில் உழைத்த நம் மக்கள் வேலையிழந்து திரும்பினர். அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. வெளிநாட்டு இந்தியர்கள் நம் பாங்கிகளில் போட்டிருந்த பணத்தைத் திரும்ப எடுக்கத் தொடங்கினர். 1991 ஜனவரியில் நாணய நிதியிடம் சுமார் 180 கோடி டாலர் வாங்கியும் போதவில்லை. கோடைக்குள், இரண்டு வார இறக்குமதிக்குக்கூடப் பணமிருக்குமோ இருக்காதோ என்ற நிலை.

தேசத்தில் உறுதியான சர்க்கார் இல்லை. தேர்தல் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் மே 21-ம் தேதி ராஜீவ் காந்தி கொலையுண்டார். அந்த மே மாதத்தில்தான், கள்ளக்கடத்தலில் பறிமுதலான 20 டன் தங்கம், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு அந்நிய பாங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிஸர்வ் பாங்கியின் சொந்தத் தங்கத்திலிருந்து சுமார் 47 டன் நான்கு தவணையாக ஆகாய விமானத்தில் லண்டனுக்குப் போயிற்று. அதை ஈடாக வைத்துச் சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். தங்கம் ஏற்றிய வண்டி ஒன்று பம்பாய் வீதியில் பழுதாகி நின்றுவிட, காவலர்கள் பதைபதைத்துச் சூழ்ந்துகொண்டார்கள் என்று பின்னாளில் சொல்வார்கள். ரிஸர்வ் பாங்கியின் கவர்னராக அப்போது இருந்தவர் நம் எஸ். வெங்கிடரமணன்.

செய்தி பத்திரிகையில் வெளியானதும் தேசம் திடுக்கிட்டது. ஏன்? வியாபாரக் கண்ணால் பார்த்தால் அது சாதாரண அடகு. ஆனால் நம் வீடுகளில் நகை வெறும் உலோகம் அல்ல. கழுத்தில் கிடப்பது கடைக்காரனிடம் போவதென்றால், இனி வேறு வழியே இல்லை என்று அர்த்தம். அந்தப் பாஷை ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். ஆகையால்தான், பொருளாதாரம் படித்தறியாதவர்களுக்குக்கூட அன்று மானக்கேடு புரிந்தது.

ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு படியாக இறக்கப்பட்டது. 24-ம் தேதி பொக்கிஷ மந்திரி மன்மோகன் சிங் புதிய பொருளாதாரப் பாதையை அறிவித்தார். அக்டோபரில் நாணய நிதி மேலும் 220 கோடி டாலர் அளவுக்குக் கடன் இசைந்தது. அந்த மாறுதல்கள் நிதியின் கட்டளையா, நம்முடைய யோசனையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இரண்டும் கலந்தது என்பதே நம் அபிப்பிராயம். வருஷம் முடிவதற்குள் அடகுத் தங்கம் மீட்கப்பட்டது. 2000-க்குள் நாணய நிதிக்குப் பட்ட கடன் முழுவதும் அடைபட்டது. 2009 நவம்பரில் அதே நாணய நிதி விற்ற தங்கத்தில் 200 டன்னை, 670 கோடி டாலர் ரொக்கமாகக் கொடுத்து, ரிஸர்வ் பாங்கி வாங்கியது! அடகு வைத்த வீடு, பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, கடன் கொடுத்தவனிடமே நகை வாங்கிற்று.

வைத்தியரும் பிழை செய்யலாம்

நாணய நிதியினால் நன்மையே இல்லை என்று சொல்ல நாம் துணியமாட்டோம். 1991-ல் அதுவும் இல்லையென்றால் நம் கதி என்ன? ஆனால் அதன் மருந்து எப்போதும் பலிக்கும் என்பதற்கில்லை. 1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் சரிந்து, கிழக்காசியா முழுவதும் தீப்பற்றியது. 1998 ஜனவரியில் இந்தோனேஷிய ஜனாதிபதி சுகார்த்தோ குனிந்து உடன்படிக்கையில் கையெழுத்திட, நிதியின் தலைவர் கம்டெஸு மார்பிலே கைகளைக் கட்டிக்கொண்டு மேலிருந்து பார்த்து நிற்கும் புகைப்படம் உலகப் பிரசித்தம். ஆசிய ஜனங்கள் அந்தப் படத்தைப் பார்த்தபோது, பழைய கவர்னர் துரைகளின் ஞாபகம்தான் வந்தது.

மலேசியாவோ நிதியின் கடனே வேண்டாம் என்று, 1998 செப்டம்பரில் மூலதனம் வெளியேறுவதைத் தடுத்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்திக்கொண்டது. பண்டிதர்கள் கண்டித்தார்கள். தேசம் மூழ்கவில்லை. பிறகு 2012-ல், சில சமயங்களில் அப்படிப்பட்ட தடுப்புகளும் தகும் என்று நாணய நிதியே ஒப்புக்கொண்டது. வைத்தியர் புத்தகத்தைத் திருத்திக்கொண்டது நல்லதே. நோயாளிகள் பட்ட பாட்டை யார் திருப்பிக் கொடுப்பது?

கயிற்றின் மறுமுனை

இப்போது நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் இலங்கை தன் அந்நியக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. கொழும்பில் பெட்ரோலுக்குப் பல நாள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, பரீட்சைக்குக் காகிதம் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் உள்ள நம் உறவினர்கள் பட்ட துன்பத்தை நாம் நேரிலே கேட்டறிந்தோம். அந்த வருஷம் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. 2023 மார்ச்சில் நாணய நிதி நான்கு வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் இசைந்தது. அத்தீவுக்கு இது பதினேழாவது வைத்தியம்! வரி ஏறிற்று. மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் நூற்றுக்கு 75-ம், 2023 பிப்ரவரியில் மறுபடியும் நூற்றுக்கு 66-ம் ஏறியது. தேயிலை பறிக்கும் பெண், தான் வாங்காத கடனுக்கு, தன் வீட்டு விளக்கை அணைத்து வட்டி கட்டினாள்.

இலங்கைக்கு நிதியின் பணம் வருவதற்கு முன், கடன் கொடுத்த தேசங்கள் 'எங்கள் பாக்கியைத் தளர்த்திக்கொள்கிறோம்' என்று உறுதி தரவேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அந்த உறுதியை முதலில் கொடுத்தது இந்தியா. மற்றவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்தபோது நமக்கு உண்மையாகவே பெருமிதம் உண்டாயிற்று.

நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இந்தக் கதையில் நாம் கயிற்றின் முனை மாறிவிட்டோம். இந்தியாவும் இன்று கடன் கொடுத்த கடன்காரன். நாணய நிதியின் நிர்வாக சபையில் இலங்கை, பங்களாதேஷ், பூட்டான் மூன்றுக்கும் சேர்த்து இந்தியாவுடன் ஒரே பிரதிநிதிதான். பக்கத்து வீட்டார் குரலையும் சேர்த்து ஒலிக்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

ஆனால் அந்தக் குரலின் பலம் என்ன? உலக ஜனங்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் வாழும் நம் தேசத்துக்கு நிதியில் நூற்றுக்கு 2.6 வோட்டு. அமெரிக்காவுக்கு நூற்றுக்குப் பதினாறரை. முக்கியமான தீர்மானங்களுக்கு நூற்றுக்கு 85 வோட்டு வேண்டும் என்பது விதி. கணக்குத் தெரிந்த எந்தப் பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான்: அமெரிக்கா ஒன்று மட்டும் தலையசைக்க மறுத்தால் எதுவும் நிறைவேறாது. 1946 முதல் நாணய நிதிக்கு ஐரோப்பியர்களே தலைவர்களாகவும், உலக பாங்கிக்கு அமெரிக்கப் பிரஜைகளே தலைவர்களாகவும் வந்திருக்கிறார்கள். உலகத்துப் பொதுச் சொத்து என்று பெயர். இரண்டு குடும்பங்களின் பரம்பரை டிரஸ்டி உரிமை போல் நடக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இரண்டு. வோட்டுகளை இன்றைய உலகத்துக்கு ஏற்பப் பங்கிட வேண்டும் என்பது ஒன்று. கடன்பட்டவனுக்கு இருக்கும் கட்டுப்பாடு, அளவு மீறி உபரி சேர்ப்பவனுக்கும், கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தவனுக்கும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. 1943-ல் எழுதப்பட்டு, 1944-ல் அழிக்கப்பட்ட அந்த வரியை மறுபடியும் எழுத வேண்டும்.

இதைக் கேட்பதற்கு நமக்கு யோக்கியதை வேண்டும். 1944-ல் நம் பாக்கியை மறுத்தவர்கள் பலசாலிகள். கேட்டவர்கள் அடிமை தேசத்தார். இன்று நாம் அடிமைகள் அல்ல. ஓரளவு பலசாலிகளும் கூட. நாளைக்கு உபரி நம் பக்கம் சேர்ந்து, அண்டை வீட்டார் நம் வாசலில் வந்து நிற்கும்போது, அன்று மலைமேல் ஹோட்டலில் நம்மவர்கள் கேட்டு மறுக்கப்பட்ட நீதியை நாம் அவர்களுக்கு மறுக்கலாகாது. இலங்கை விஷயத்தில் நல்ல ஆரம்பம் செய்திருக்கிறோம். முனை மாறினாலும் நியாயம் மாறாது என்று நடந்து காட்டினால், ஷண்முகம் செட்டியாரும் ஷ்ராபும் கடல் கடந்து போய் வாதாடியது வீண் போகவில்லை என்று சொல்லலாம்.